மைனஸ் இல்லாத பலகை

என்னிடம் படித்த பிள்ளைகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணக்கு சார் வருஷம் முழுக்கச் சிரித்த முகமாகத்தான் இருப்பார், ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் வந்தால் மட்டும் எரிந்து விழுவார் என்பார்கள். உண்மைதான். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பாடமும் அப்படி ஒன்றும் பெரிய பூதம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணுகிறோமே, அவை இயல் எண்கள். அவற்றோடு பூஜ்யத்தையும், பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று இறங்கிக்கொண்டே போகும் குறை எண்களையும் சேர்த்தால் முழுக்கள். இயல் எண்கள் எல்லாம் முழுக்களுக்குள் இருக்கின்றன. முழுக்கள் எல்லாம் இயல் எண்கள் அல்ல. இவ்வளவையும் இரண்டு பீரியடில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த எண் கோட்டைப் பலகையில் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆளின் நினைப்பு வந்துவிடும். அந்த ஆளுக்கு நான் துரோகம் செய்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் தைரியம் போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. கிடைத்தது என்றால் முழுசாகக் கிடைக்கவில்லை, தற்காலிகம். பள்ளியின் செயலர் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஊருக்குப் போய் உளுந்துக்குக் களை வெட்ட வேண்டியதுதான். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது, எத்தனை பேர் கூடிப் பேசினாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். அவரும் கடைத்தெரு வியாபாரிகள் நாலைந்து பேருமாகச் சேர்ந்து ஆடி மாசத்தில் ஒரு சின்ன ஹாக்கிப் போட்டி நடத்துவார்கள். ஊரில் பெரிய போட்டிகள் வேறு உண்டு. இது அதில் சேராது, பேரும் வேண்டாம்.

கோவில்பட்டியில் பெட்டிக்கடைக்காரர்கூடப் பெனால்டி கார்னருக்கு வியாக்கியானம் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் படித்தும் எனக்கு மட்டை பிடிக்க வரவில்லை. பந்து கிழக்கே போனால் நான் மேற்கே ஓடுவேன். என்னோடு பதினொன்று, பன்னிரண்டு படித்த ஒருவன் கோல்கீப்பர். எட்டயபுரம் தாண்டி, எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. விடுதியில் தங்கிப் படித்தான். கறுத்து நெடுநெடுவென்று இருப்பான். கால் இரண்டிலும் பேடு கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றானென்றால் அடிக்கிறவனுக்கு இடமே தெரியாது. அவன் பந்து தடுப்பதை நான் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விளையாட்டு முடிந்ததும் அவன் என்னிடம் கணக்கு கேட்பான். பரீட்சைக்கு முதல் நாள், "எதெது வரும்லே?" என்பான். நான் சொன்ன ஆறு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் போவான், பாஸாகிவிடுவான். கணக்கு விஷயத்தில் நான் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

படிப்பு முடிந்து நான் வாத்தியாரானேன், அவன் கரிசக்காட்டுக்குத் திரும்பினான். வானம் பார்த்த பூமி, அதில் என்ன கிடைக்கும்? ஆனால் மட்டையை விடவில்லை. ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு அணி வைத்திருந்தான். அந்த வருஷம் போட்டிக்கு வந்தபோது, எங்கே பார்த்தாலும் கூப்பிடுவதைப் போலவே தூரத்திலிருந்தே, "ஏலே வாத்தி!" என்று கத்தினான். பக்கத்தில் என் மாணவர்கள் நிற்கிறார்கள், அதெல்லாம் அவனுக்குக் கணக்கே இல்லை.

"ஒரு சங்கதி கேளு," என்று என்னைத் தனியே இழுத்துப் போனான். "செமிஃபைனலுக்கு மதுரையிலருந்து ஒருத்தர் வாராராம். அவிய டிபார்ட்மென்ட் டீமுக்கு கோல்கீப்பர் வேணுமாம். போன வருஷமே என்னைப் பாத்துருக்காரு. செமில ஆடு, பாத்துக்கிடுதேன்னு சொல்லி விட்டுருக்காரு. வேலைலே, வேலை! எனக்கு வர்ற மாசம் இருபத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

"அப்போ செமிக்கு வந்துரணும்," என்றேன்.

"வராம? நீ வேணா பாரு."

இப்போது என் மண்டைக்கனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு அணிகள் சமமான புள்ளியில் நின்றால் அதுவரை கமிட்டியில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அதில் சண்டை வரும், நாற்காலி பறக்கும். அந்த வருஷம் என்னைக் கமிட்டியில் கணக்கு எழுதச் சேர்த்தார்கள். நான் சும்மா இருந்தேனா? "பெரிய போட்டியிலெல்லாம் கோல் வித்தியாசம்தான் அண்ணாச்சி பாக்காங்க. நாமளும் அப்படி வச்சிருவோம்," என்று எடுத்துக் கொடுத்தேன். செயலருக்குப் பிடித்துவிட்டது. 'புள்ளிகள் சமமானால், கோல் வித்தியாசம் அதிகமுள்ள அணி தகுதி பெறும்' என்று விதியை என் கையாலேயே எழுதினேன். பெயின்டரைப் பிடித்துத் தகரத்தில் ஒரு பலகையும் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு அணிக்கும் போட்ட கோல், வாங்கிய கோல், வித்தியாசம் என்று மூன்று கட்டம். கட்டத்துக்கு ஒரு ஆணி. ஆணியில் மாட்ட, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை தகர எண்கள். ஆடிக் காற்றுக்கு அவை கடகடவென்று அடித்துக்கொள்ளும். மைனஸ் குறிக்கு ஒரு தகரம் வேண்டும் என்று பெயின்டருக்கும் தோன்றவில்லை, பி.எஸ்சி. கணக்கு, பி.எட். முடித்த எனக்கும் தோன்றவில்லை.

என் சிநேகிதனின் அணி இருந்த பிரிவில் மொத்தம் மூன்றே அணிகள். முதல் இரண்டு இடம் செமிஃபைனலுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஒரு கல்லூரி அணி இரண்டு பேரையும் ஜெயித்து முதலிடம் பிடித்துவிட்டது. உள்ளூர் அணியை ஏழுக்கு மூன்று. என் சிநேகிதனின் கிராமத்து அணியை மூன்றுக்குப் பூஜ்யம். அந்த ஆட்டத்தில் அவன் தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை, வேறு யாராவது நின்றிருந்தால் பத்து கோலாவது விழுந்திருக்கும். இருந்தாலும் எல்லையில் நின்ற கூட்டத்துக்குக் கேலி செய்ய ஆள் வேண்டுமே. "எப்போதும்வென்றான் பக்கத்துல இருந்து வந்து தோத்துட்டுப் போறானுவ பாரு!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளூர் அணியும் கிராமத்து அணியும் மோதின. இரண்டுக்கு இரண்டு, சமம். புள்ளியும் சமம். யார் செமிஃபைனலுக்கு? கமிட்டிப் பந்தலுக்குள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மைக்கில் ஒருவர், "இதோ, நம்ம கணக்கு ஆசிரியர் இப்போது அறிவிப்பார்," என்று ஆரம்பித்துவிட்டார். வெளியே கூட்டம் நெருக்கியது. "சீக்கிரம் சொல்லுங்க சார், அடுத்த மேட்ச்சு ஆரம்பிக்கணும்," என்றார் செயலர்.

பலகையில் தகரங்களை மாட்டினேன். உள்ளூர் அணி போட்டது ஐந்து, வாங்கியது ஒன்பது. வித்தியாசம் நாலு. கிராமத்து அணி போட்டது இரண்டு, வாங்கியது ஐந்து. வித்தியாசம் மூன்று. இரண்டிலிருந்து ஐந்தைக் கழிக்கப் போகாது என்று சின்ன வகுப்பில் படித்தது கையில் ஊறிக் கிடக்கிறது போலிருக்கிறது. போகாத கணக்கைத் திருப்பிப் போட்டு, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்று மாட்டிவிட்டேன். அங்கும் அப்படியே, ஒன்பதிலிருந்து ஐந்து போனால் நாலு. ஆணியில் தொங்குவது வெறும் மூன்றும் வெறும் நாலும்.

"எதுய்யா கூட?" என்றார் செயலர்.

"நாலு," என்றேன்.

மைக்கில் உள்ளூர் அணியின் பேரைச் சொன்னார்கள். விசில் பறந்தது. ஊர்க்காரர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்கள் அணிதான் ஐந்து கோல் போட்டிருக்கிறதே, பலகையிலும் நாலு என்று இருக்கிறதே. ஒரே ஒரு ஆள் மட்டும் பேடைக்கூடக் கழற்றாமல் பந்தலுக்குள் வந்தான்.

"ஏலே வாத்தி, நாங்க மொத்தமே அஞ்சுதான வாங்கிருக்கோம். அவனுவ ஒம்போது வாங்கிருக்கானுவ. எங்களுக்கு எப்படிலே இல்லாமப் போச்சு?"

"வாங்குனத மட்டும் பாத்தா ஆச்சா? அவங்க போட்டதும் கூட இருக்குல்லா. வித்தியாசம்னா ரெண்டையும் சேத்துப் பாக்கணும்," என்றேன். என்னவோ பெரிய மேதை மாதிரி, தோளில் தட்டி வேறு சொன்னேன். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு நிஜமாகவே தெரியாது. அதை மட்டும் யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து பேடின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. இரண்டாவது பீரியட் ஏழாம் வகுப்பு. பாடம் என்ன தெரியுமா? முழுக்கள். வேண்டுமென்றே யாரோ அடுக்கி வைத்தது மாதிரி இருந்தது. பலகையில் எண் கோடு போட்டு, நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, இடப்பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று எழுதினேன். முன் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"சார், மூணை விட நாலு பெருசுன்னா, மைனஸ் மூணை விட மைனஸ் நாலும் பெருசாத்தான சார் இருக்கணும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "உங்க தோட்டத்துக் கிணறு இருக்குல்லா? தரைதான் பூஜ்யம். ஒருத்தன் கிணத்துக்குள்ள மூணாவது படில நிக்கான், இன்னொருத்தன் நாலாவது படில நிக்கான். யாரு மேல நிக்கா?"

"மூணாவது படில நிக்கவன் சார்."

"அப்போ மைனஸ் மூணுதான் பெருசு," என்றேன்.

சொல்லி முடிக்கவும் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நேற்று ஆணியில் தொங்கிய இரண்டு தகரமும் மைனஸ் தகரங்கள் அல்லவா! இரண்டு அணியுமே போட்டதைவிட வாங்கியதுதான் அதிகம். ஒன்று மைனஸ் நாலு, இன்னொன்று மைனஸ் மூன்று. நான் எழுதிய விதிப்படியே போக வேண்டியது மைனஸ் மூன்று. அட கூறுகெட்டவனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரே கேள்வியில் விளங்கியது எனக்கு ஏன் நேற்று விளங்காமல் போனது? முழுக்களுக்குள் நின்று பார்க்க வேண்டிய கணக்கை, ஒரு தகரம் குறைந்த பலகையை வைத்துக்கொண்டு, இயல் எண்களுக்குள் நின்று பார்த்துத் தொலைத்திருக்கிறேன்.

பெல் அடித்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடி ஒரு காகிதத்தில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாறவே இல்லை. மணி பதினொன்று. செமிஃபைனல் நாலு மணிக்கு. இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, போய்ச் சொல்லிவிட்டால் மாற்றிவிடுவார்கள். கிராமத்து அணி ஊருக்குப் போகவில்லை, மத்தியானப் பஸ்ஸுக்குத்தான் போவதாக முந்தின நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு செயலரின் தீப்பெட்டி ஆபீசுக்கு விட்டேன். அதுவரை நான் ஒழுங்கான மனுஷன்தான்.

ஆபீஸ் வாசலில் உள்ளூர் அணிப் பையன்கள் நின்றிருந்தார்கள். செமிஃபைனலுக்கு என்று செயலர் எல்லோருக்கும் புதுப் பனியன் எடுத்திருந்தார், அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கமிட்டிக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது தெரு வரைக்கும் கேட்டது. "இந்த வருசம் ஒரு சண்டை, ஒரு சச்சரவு உண்டுமா? சொல்லுங்க பாப்போம். அதுக்குத்தான் படிச்ச ஆளு ஒருத்தர் வேணுங்கது."

என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க சார், வாங்க. உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். என்ன இந்நேரத்துல?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். அதுதான் என்னைக் கவிழ்த்தது. கணக்கு வாத்தியாருக்கு மைனஸ் தெரியவில்லை என்று சொன்னால் இந்தச் சிரிப்பு என்னவாகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் போதாதா?

"சும்மாதான் அண்ணாச்சி. சாயங்காலம் எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"மூணரைக்கு வந்தாப் போதும். அப்புறம் சார், உங்க ஆர்டர் விசயமும் மறக்கல. இந்த வாரத்துல கையெழுத்துப் போட்டுருதேன்."

"சரிங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றிருந்தான். தோளில் பேடு வைத்த சாக்குப் பை. முகம் வாடிக் கிடந்தது.

"பயலுவ பஸ்ஸ்டாண்டுல நின்னு சத்தம் போடுதானுவ. ஏமாத்திட்டாங்க, போய்க் கேப்போம்ங்கானுவ. எனக்கும் ராவெல்லாம் அதே நெனப்புதான். கமிட்டிக்காரங்கள்ட்டப் போய் மல்லுக்கு நிக்க எனக்கு இஷ்டமில்ல. உன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன். கணக்கு சரிதானலே?"

அவன் கேட்டது இதுதான். இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி இருக்க முடியாது. எனக்கும் பதில் தெரியும். காகிதம் சட்டைப் பையில் இருக்கிறது.

"சரியாத்தாம்ல இருக்கு," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அவன் மூச்சை விட்டான். "அப்போ சரி. நீ சொன்னாச் சரிதான். நான் பயலுவட்டச் சொல்லிக்கிடுதேன்." போனவன் நின்று, "செமி பாக்கலாம்னா பயலுவ நிக்க மாட்டானுவ. வாரேன்," என்றான். அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கூப்பிட்டுவிடலாம் கூப்பிட்டுவிடலாம் என்று நின்றேன். திரும்பிவிட்டான்.

சாயங்காலம் மூன்றரைக்குச் சரியாகப் போய் நின்றேன். உள்ளூர் அணி ஆறு கோல் வாங்கியது. நான்தான் ஒவ்வொரு தகரமாக மாட்டினேன். மதுரைக்காரர் பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, "எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கோல்கீப்பர் உண்டே, நெட்டையா இருப்பானே, எங்க?" என்று கேட்டார். "அவங்க நேத்தே வெளிய போயிட்டாங்க சார்," என்றார் செயலர். அந்த மனுஷர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மதுரைக்காரர் வேறு அணியில் ஒருவனை எடுத்துக்கொண்டு போனார்.

என் ஆர்டர் சொன்னபடி அந்த வாரமே வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னோடு சண்டை போட்டிருந்தால் தேவலை. அவனோ ஒவ்வொரு வருஷமும் வெள்ளாமை எடுத்ததும் ஒரு பை பாசிப்பயறு கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போவான். "வாத்தி வீட்டுக்கு" என்று அவன் மனைவி தனியாகப் புடைத்துக் கட்டிக் கொடுத்ததாகச் சொல்வான். அந்தப் பயறு எங்கள் வீட்டில் வேகும்போது நான் அடுப்படிப் பக்கம் போக மாட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். முதல் வருஷம் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம், போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று சொல்லவில்லை. அப்புறம் எப்படிச் சொல்வது?

தபால் வழியில் எம்.எஸ்சி. படித்தேன். அதில் ஒரு புத்தகத்தில், முழு என்பது இரண்டு இயல் எண்களின் ஜோடி என்று போட்டிருந்தது. இரண்டு, ஐந்து என்ற ஜோடியும், நாலு, ஏழு என்ற ஜோடியும், ஆறு, ஒன்பது என்ற ஜோடியும் ஒரே முழுவைத்தான் குறிக்கும். எல்லாமே மைனஸ் மூன்று. இயல் எண்களை மட்டும் வைத்துக்கொண்டே குறை எண்களை உண்டாக்கிவிடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், ஜோடியில் எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை மாற்றக் கூடாது. போட்டது முன்னால், வாங்கியது பின்னால். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்தது, வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை சரியாக இல்லை. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது காய்க்கவில்லை. அவன் குடும்பத்தோடு கோவில்பட்டிக்கே வந்துவிட்டான். "ஒரு வேலை பாத்துக் குடுலே," என்று என்னிடம்தான் வந்து நின்றான். செயலரிடம் சொல்லி அவருடைய தீப்பெட்டிக் குடோனில் லோடுமேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். டிபார்ட்மென்ட் சட்டை போட்டு உட்கார வேண்டிய ஆள், முப்பத்தைந்து வயசுக்கு மேல் பண்டல் சுமந்தான். வேலை வாங்கித் தந்ததற்கு எனக்கு நன்றி வேறு சொன்னான். எனக்கு அப்போது பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அவனுடைய மகளை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தான். அவள் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம் முழுக்கள் பாடத்தை நான்தான் நடத்தியாக வேண்டும். அந்த வருஷம் எரிந்து விழவில்லை. குரலே எழும்பவில்லை. பிள்ளை கெட்டிக்காரி. சொன்னதும் கப்பென்று பிடித்துக்கொள்வாள்.

பாடம் முடிந்த வாரம், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் சைக்கிளோடு வாசலில் நின்றான். மகள் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் வெளியே வந்ததும் கையைக் காட்டினான்.

"ஏலே வாத்தி, இங்கன வா. ஒரு சங்கதி. நேத்து புள்ளை வீட்டுக்கணக்கு போட்டுக்கிட்டிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். மைனஸ்ங்குது, கூடங்குது, குறையங்குது. சரி, ஒரு கணக்கு சொல்லுதேன் போடுன்னேன். ரெண்டு போட்டோம், அஞ்சு வாங்குனோம். மைனஸ் மூணுன்னு எழுதுச்சு. அஞ்சு போட்டான், ஒம்போது வாங்குனான். மைனஸ் நாலு. இதுல எதுட்டி பெருசுன்னேன். மைனஸ் மூணுங்குதுலே!"

அத்தனை வருஷமாகியும் ஒரு எண்ணைக்கூட அவன் மறக்கவில்லை.

"அப்போ அன்னைக்கு நாங்கதானலே போயிருக்கணும்?"

"ஆமா," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கோபமில்லை. அவனே எனக்கு வழியும் விட்டுக் கொடுத்தான். "உனக்கு அன்னைக்குத் தெரியாது. என்ன? தெரியாமத்தான சொன்ன?"

"தெரியாமத்தாம்ல," என்றேன். "அந்த அவசரத்துல, மைக்குல வேற கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அதான பாத்தேன்!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவனுக்கு நிம்மதி. "உனக்கும் கணக்குத் தப்பும்னு இன்னைக்குத்தாம்ல எனக்குத் தெரியுது." சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்க முடிந்தது பாருங்கள்.

பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. "சாருக்கா தெரியாது?" என்றாள். "என்னப்பா நீ! சாருக்குத் தெரியாம இருக்குமா? இது ஏழாங்கிளாஸ் பாடம்ப்பா. சார் அப்பவும் ஏழாங்கிளாசுக்குத்தான எடுத்தாங்க."

அவன் சிரிப்பு நின்றது. என் சிரிப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது, அதையும் அவன் பார்த்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை தெரியாது, சரி," என்றான், ரொம்ப மெதுவாக. "திங்கக்கிழமை மத்தியானம் நான் தனியா வந்து கேட்டேன்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மகளின் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினான். அவளைப் பின்னால் ஏற்றி உட்கார வைத்தான்.

"வாரோம் சார்," என்று கேட்டது. பிள்ளைதான் சொல்கிறாள் என்று நிமிர்ந்தேன். அவன்தான் சொன்னான்.